ஐந்து நிமிஷ விளையாட்டு!

காதலிக்குப் பூ வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. புடவை வாங்கிக் கொடுப்பவர்களும் உண்டு. ஒருவர் ஒரு விளையாட்டையே செய்து கொடுத்தார்!

அந்த விளையாட்டு பிறகு உலகத்தையே பிடித்துக்கொண்டது. அவருக்குப் பெரும் பணமும் கிடைத்தது.

அவர் பெயர் ஜோஷ் வார்டில். வேல்ஸ் நாட்டில் பிறந்தவர். அமெரிக்காவில், நியூயார்க் நகரத்தில், கம்ப்யூட்டர் எஞ்சினீயராக வேலை பார்த்தவர். அவருடைய வாழ்க்கைத் துணைவிக்கு வார்த்தைப் புதிர் என்றால் ஆசை. கொரோனா காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது இருவரும் பத்திரிகைப் புதிர்களைப் போட்டுப் பொழுதைக் கழித்தார்கள். அப்போது வார்டில், "இவளுக்கென்று ஒரு புதிர் செய்தால் என்ன?" என்று நினைத்தார். செய்தும் விட்டார். அதற்குத் தம் பெயரை ஒட்டியே "வேர்டில்" என்று பெயர் வைத்தார்.

விளையாட்டு மிகவும் எளிது. ஐந்து எழுத்துள்ள ஒரு ஆங்கில வார்த்தை மறைந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆறு தடவை முயற்சி செய்யலாம். நீங்கள் போட்ட எழுத்து சரியான இடத்தில் இருந்தால் கட்டம் பச்சையாகும். எழுத்து உண்டு, இடம் தவறு என்றால் மஞ்சள். எழுத்தே இல்லை என்றால் சாம்பல் நிறம். அவ்வளவுதான்!

ஆங்கிலத்தில் ஐந்தெழுத்து வார்த்தைகள் சுமார் 12,000 இருந்தன. அவற்றில் பல, யாருக்கும் தெரியாத வார்த்தைகள். அந்தப் பட்டியலைப் பார்த்து, பழக்கமான வார்த்தைகளைப் பொறுக்கிக் கொடுத்தவர் அவருடைய துணைவிதான். சுமார் 2,500 வார்த்தைகள் மிஞ்சின.

90 பேர், 20 லட்சம் பேர்!

2021 அக்டோபரில் இந்த விளையாட்டு எல்லோருக்கும் திறந்து விடப்பட்டது. நவம்பர் 1-ந் தேதி அதை ஆடியவர்கள் 90 பேர். 2022 ஜனவரி 2-ந் தேதி 3 லட்சம் பேர். அடுத்த ஒரு வாரத்தில் 20 லட்சத்தைத் தாண்டியது!

ஜனவரி 31-ந் தேதி "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகை அதை விலைக்கு வாங்கிவிட்டது. சரியான தொகையை வெளியிடவில்லை. டாலர் கணக்கில் ஏழு இலக்கத் தொகை என்று மட்டும் அறிவித்தார்கள். அதாவது பத்து லட்சம் டாலருக்குக் குறையாது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வார்டில் இந்த விளையாட்டில் விளம்பரம் போடவில்லை. பணம் கேட்கவில்லை. பெயரும் வயதும் கேட்கவில்லை. முக்கியமாக, ஒரு நாளைக்கு ஒரு புதிர்தான் கொடுத்தார். இன்று ஆடிவிட்டால், மறுபடியும் ஆட நாளை வரை காத்திருக்க வேண்டும்.

"இன்னும் ஆடு, இன்னும் ஆடு" என்று இழுக்கும் இந்தக் காலத்தில், "போதும், போய் வேலையைப் பார்" என்று சொன்ன விளையாட்டு அது! மக்கள் அதை விரும்பியதற்கு அதுவே பெரிய காரணம். வீட்டில் எல்லோருக்கும் அன்றைக்கு ஒரே புதிர். ஆகவே சாப்பிடும்போது பேச ஒரு விஷயம் கிடைத்தது. "உனக்கு எத்தனை தடவை ஆயிற்று?" என்று அப்பா மகளைக் கேட்டார். மகள் பாட்டியைக் கேட்டாள்.

பிரவுசர் என்றால் என்ன?

இந்த விளையாட்டை "பிரவுசர் விளையாட்டு" என்கிறார்கள். இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் சாதனத்துக்குப் பிரவுசர் என்று பெயர். செல்போனில் வட்டமாக, பல வண்ணத்தில், "குரோம்" என்று ஒன்று இருக்கிறதே, அது ஒரு பிரவுசர். "பயர்பாக்ஸ்", "சபாரி" என்பவையும் அதே ஜாதி.

சில விளையாட்டுகளைச் செல்போனில் இறக்கி, ஏற்றி வைத்துக்கொள்ள வேண்டும். அவை இடத்தை அடைக்கும். பிரவுசர் விளையாட்டு அப்படி அல்ல. பக்கத்தைத் திறந்தால் விளையாட்டு வரும். மூடினால் போய்விடும். விலை உயர்ந்த கம்ப்யூட்டர் தேவையில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஆடலாம். சோறு வேகும் நேரத்தில் ஆடலாம்.

நம் நாட்டில் பலர் தெரியாமலே ஒரு பிரவுசர் விளையாட்டை ஆடியிருக்கிறார்கள். குரோமில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறக்கிறீர்கள். இணையம் வரவில்லை. திரையில் ஒரு சின்ன டைனோசர் நிற்கிறது. அதைத் தட்டினால் ஓட ஆரம்பிக்கிறது! கள்ளிச் செடி குறுக்கே வரும்போது தாண்ட வேண்டும்.

கூகிள் கம்பெனி 2014-ல் வைத்த விளையாட்டு இது. 2018-ல் அந்தக் கம்பெனி ஒரு கணக்கு வெளியிட்டது. மாதத்துக்கு 27 கோடி தடவை இந்த ஆட்டம் ஆடப்படுகிறதாம்! இணையம் அடிக்கடி அறுந்துபோகும் நாடுகளிலும், இணையச் செலவு அதிகமான நாடுகளிலும்தான் ஆட்டம் அதிகம். அந்தப் பட்டியலில் கூகிள் முதலில் சொன்ன பெயர் இந்தியா. பள்ளிப் பிள்ளைகள் மட்டும் அல்ல, பெரியவர்களும் இதிலேயே மூழ்கிவிட்டார்கள். ஆகவே, பள்ளிக்கூடங்களும் ஆபீஸ்களும் இந்த ஆட்டத்தை நிறுத்தி வைக்க ஒரு வசதியையும் கூகிள் செய்து கொடுக்க வேண்டியதாயிற்று.

36 வினாடி செய்த வேலை

"சின்ன விளையாட்டுத்தானே, என்ன ஆகிவிடும்?" என்று கேட்கலாம். ஒரு கணக்கைப் பாருங்கள்.

2010 மே 21-ந் தேதி. "பேக்மேன்" என்ற பழைய விளையாட்டுக்கு 30 வயது நிறைந்தது. அதைக் கொண்டாட, கூகிள் தன் முதல் பக்கத்திலேயே அந்த விளையாட்டை வைத்தது. மஞ்சள் நிற வாய் ஒன்று புள்ளிகளைத் தின்றுகொண்டே போகும். பேய்கள் துரத்தும். தகவல் தேட வந்தவர்கள் எல்லாம் விளையாட உட்கார்ந்து விட்டார்கள்.

மக்கள் கம்ப்யூட்டரில் செலவழிக்கும் நேரத்தை அளக்கும் "ரெஸ்கியூடைம்" என்ற கம்பெனி கணக்குப் போட்டது. ஒருவர் சராசரியாக வழக்கத்தைவிட 36 வினாடிதான் கூடுதலாக அந்தப் பக்கத்தில் இருந்திருக்கிறார். ஆனால் உலகம் முழுவதும் சேர்த்தால்? 48 லட்சம் மணி நேரம்!

இனி உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். தினம் ஐந்து நிமிஷம் ஆடினால் வருஷத்துக்கு 30 மணி நேரம் ஆகிறது. அது பெரிய குற்றம் அல்ல. தினம் ஒரு மணி நேரம் ஆடினால்? வருஷத்துக்கு 365 மணி. அதாவது இரவும் பகலும் சேர்ந்து 15 முழு நாட்கள்! அரை மாதம் கையை விட்டுப் போய்விடுகிறது.

ஆகவே, "விளையாடலாமா, கூடாதா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "இந்த விளையாட்டு எப்போது முடியும்?" என்றும் கேட்க வேண்டும்.

ஒரு சகாப்தம் முடிந்தது

இந்தச் சின்ன விளையாட்டுகளுக்கு ஒரு பொற்காலம் இருந்தது. "பிளாஷ்" என்ற சாதனம்தான் அதற்குக் காரணம். 1996-ல் அது வேறு பெயரில் வெளிவந்தது. பிறகு மேக்ரோமீடியா கம்பெனி வாங்கிப் "பிளாஷ்" என்று பெயர் மாற்றியது. 2005-ல் அடோபி கம்பெனி மேக்ரோமீடியாவையே வாங்கிவிட்டது.

படம் அசைய வேண்டுமா? பாட்டுக் கேட்க வேண்டுமா? விளையாட வேண்டுமா? பிரவுசரில் பிளாஷை மாட்டிவிட்டால் எல்லாம் நடந்தது. கொஞ்சம் படம் போடத் தெரிந்த மாணவர்கூட விளையாட்டுச் செய்து உலகத்துக்குக் காட்டலாம் என்ற நிலை வந்தது. லண்டனில் 2001-ல் தொடங்கிய "மினிகிளிப்" போன்ற பக்கங்களில் நூற்றுக் கணக்கான விளையாட்டுகள் இலவசமாகக் கிடைத்தன. இன்று பிள்ளை பெற்றுவிட்ட பலர், அன்று கம்ப்யூட்டர் வகுப்பில் ஆசிரியர் திரும்பிய நேரத்தில் ஆடியது அந்த விளையாட்டுகளைத்தான்.

பிறகு பிளாஷுக்குக் கெட்ட காலம் வந்தது. அதில் திருடர்கள் புகுவதற்கு ஓட்டைகள் அதிகம் என்று புகார் எழுந்தது. பேட்டரியை வேகமாகத் தீர்த்துவிடுகிறது என்றும் சொன்னார்கள். ஆப்பிள் கம்பெனி தன் ஐபோனில் பிளாஷை அனுமதிக்கவில்லை. அதன் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், 2010 ஏப்ரலில் காரணங்களை எழுதிப் பகிரங்கமாகவே வெளியிட்டார். பிளாஷ் இல்லாமலே பிரவுசரில் படமும் ஆட்டமும் காட்டும் புதிய முறையும் வந்துவிட்டது.

கடைசியில் அடோபியே கையை விரித்தது. 2020 டிசம்பர் 31-ந் தேதியோடு பிளாஷ் ஓய்வு பெற்றது. 2021 ஜனவரி 12 முதல் பிளாஷ் ஆட்டங்களைத் திறக்கவே முடியாதபடி அடைத்து விட்டார்கள். பேஸ்புக்கில் கோடிக் கணக்கானவர்கள் பயிர் வைத்து, மாடு வளர்த்து ஆடிய "பார்ம்வில்" விளையாட்டும் அதே டிசம்பர் 31-ந் தேதி மூடப்பட்டது. பதினோரு வருஷம் வளர்த்த தோட்டம் ஒரே நாளில் மறைந்தது!

அப்படியானால் அந்தப் பழைய விளையாட்டுகள் எல்லாம் அழிந்துவிட்டனவா? இல்லை. ஆர்வமுள்ள சிலர் சம்பளம் வாங்காமல் அவற்றைச் சேகரித்தார்கள். "பிளாஷ்பாயிண்ட்" என்ற சேமிப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. "இண்டர்நெட் ஆர்க்கைவ்" என்ற அமெரிக்க நூலகமும் 2020 நவம்பரில் இந்த வேலையில் இறங்கியது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. வீட்டில் இருக்கும் பல்லாங்குழிப் பலகை நம்முடையது. இணைய விளையாட்டு நம்முடையது அல்ல. கடைக்காரர் கதவை மூடினால் நாம் வெளியேதான் நிற்க வேண்டும்.

பதினான்கு மாதமும் சில நாளும்

2014 மார்ச் மாதம். இத்தாலியில் கேப்ரியல் சிருல்லி என்ற 19 வயது வாலிபர் ஒரு விளையாட்டு வெளியிட்டார். சனி, ஞாயிறு விடுமுறையில் செய்தது! அதன் பெயர் "2048". நான்குக்கு நான்கு, மொத்தம் 16 கட்டம். இரண்டும் இரண்டும் மோதினால் நான்கு. நான்கும் நான்கும் மோதினால் எட்டு. இப்படியே 2048 வரை போக வேண்டும். ஒரே வாரத்துக்குள் 40 லட்சம் பேர் வந்து குவிந்தார்கள்.

ஆனால் இதில் இன்னொரு கதையும் உண்டு. ஒரு மாதத்துக்கு முன்புதான் "த்ரீஸ்" என்ற விளையாட்டு வெளிவந்திருந்தது. அதுவும் எண்களை மோதவிடும் ஆட்டம். அதைச் செய்தவர்கள் 14 மாதம் உழைத்திருந்தார்கள். விலைக்கு விற்றார்கள். அதைப் பார்த்து வேறொருவர் ஒன்று செய்தார். அந்த வரிசையில் வந்ததுதான் "2048". நகல் இலவசமாகக் கிடைத்தது. அசலுக்குக் காசு கேட்டார்கள். கூட்டம் எங்கே போகும்? த்ரீஸ் ஆசிரியர்கள் தங்கள் 14 மாதக் கடிதப் போக்குவரத்தை வெளியிட்டு, மனம் நொந்து எழுதினார்கள்.

சிருல்லி தவறு செய்தார் என்று சொல்ல முடியாது. அவர் அதைத் தமது சொத்தாகப் பூட்டி வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று திறந்து விட்டார். ஆனாலும் "இலவசம்" என்ற சொல்லுக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய உழைப்பு இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

இலவசம் என்றால் யார் கொடுக்கிறார்கள்?

பிரவுசர் விளையாட்டுகள் பெரும்பாலும் இலவசம். அப்படியானால் நடத்துகிறவர்களுக்கு வருமானம் எப்படி?

விளம்பரம்! ஆட்டம் ஆரம்பிக்கும் முன் ஒரு விளம்பரம். நடுவில் ஒன்று. "தோற்று விட்டாயா? இந்த விளம்பரத்தைப் பார்த்தால் இன்னொரு உயிர் தருகிறோம்" என்று ஒன்று. நீங்கள் எவ்வளவு நேரம் இருக்கிறீர்களோ, அவ்வளவு விளம்பரம் ஓடும். அவ்வளவு வருமானம் அவர்களுக்கு. உங்கள் இணையக் காசும் அதில் கரையும்.

இப்போது விஷயம் புரிகிறதல்லவா? விளம்பரத்தை நம்பிய விளையாட்டுக்கு, நீங்கள் சீக்கிரம் எழுந்து போவதில் லாபம் இல்லை. ஆகவே, முடிவே இல்லாதபடி ஆட்டத்தை அமைக்கிறார்கள். தோற்ற மறு வினாடியே அடுத்த ஆட்டம் தயார்.

இதைக் கண்டு பயந்தவர் ஒருவர் உண்டு. வியட்நாம் நாட்டு வாலிபர் டாங் நுயென். அவர் செல்போனுக்காகச் செய்த "பிளாப்பி பேர்ட்" என்ற பறவை விளையாட்டு 2014-ல் உலகப் புகழ் பெற்றது. விளம்பரத்தில் தினம் 50,000 டாலர் வந்ததாகச் செய்தி. அப்படி இருந்தும் பிப்ரவரி மாதம் அதை அவரே நீக்கிவிட்டார். சில நிமிஷம் ஆடி இளைப்பாறச் செய்த விளையாட்டு, ஜனங்களை அடிமைப்படுத்தி விட்டது என்பது அவர் சொன்ன காரணம். எத்தனை பேருக்கு அந்த மனம் வரும்?

வேர்டில் கதையும் முழுக்க அப்படியே நிற்கவில்லை. இன்றைய புதிரை இலவசமாக ஆடலாம். ஆனால் பழைய புதிர்களை 2024-ல் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் திறந்து விட்டார்கள். புதிருக்காக வருகிறவர் பத்திரிகைக்கும் சந்தா கட்டுவார் என்பது கணக்கு. இது புதிய தந்திரம் அல்ல. 1913 டிசம்பரில் நியூயார்க்கில் "வேர்ல்டு" பத்திரிகையின் ஞாயிறு இதழில் ஆர்தர் வின் என்பவர் முதல் குறுக்கெழுத்துப் புதிரைப் போட்டாரே, அன்று முதல் புதிரும் பத்திரிகையும் கை கோத்துத்தான் நடக்கின்றன.

பணம் வைத்து ஆடினால்?

விளம்பரம் நேரத்தைத் தின்கிறது. இன்னொரு வகை ஆட்டம் வீட்டையே தின்கிறது. பணம் கட்டி, பணம் ஜெயிக்கலாம் என்று ஆடும் ஆட்டம் அது.

2025 ஆகஸ்டில் நம் பாராளுமன்றம் இதற்காக ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22-ந் தேதி ஜனாதிபதி சம்மதம் கொடுத்தார். சட்டம் இணைய விளையாட்டுகளை மூன்றாகப் பிரிக்கிறது. ஒன்று, போட்டி விளையாட்டு. இரண்டு, பொழுதுபோக்கு, கல்வி விளையாட்டு. மூன்று, பண விளையாட்டு. முதல் இரண்டையும் ஊக்குவிக்கலாம். மூன்றாவது கூடாது. அது திறமையால் ஜெயிப்பதா, அதிர்ஷ்டத்தால் ஜெயிப்பதா என்ற பேச்சே இல்லை. நடத்துகிறவருக்கு 3 வருஷம் வரை ஜெயில், 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்கிறவருக்கு 2 வருஷம் வரை ஜெயில், 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஏமாந்து ஆடியவருக்குத் தண்டனை இல்லை. இந்தச் சட்டத்தை எதிர்த்துக் கம்பெனிகள் கோர்ட்டுக்கும் போயின.

உலக சுகாதார நிறுவனமும் இந்த விஷயத்தைக் கவனித்திருக்கிறது. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமல், படிப்பும் வேலையும் கெட்டு, பொதுவாக ஒரு வருஷ காலம் அப்படியே தொடர்ந்தால் அது ஒரு நோய் என்று தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. கவனியுங்கள். ஆடுவதை நோய் என்று சொல்லவில்லை. விட முடியாமல் போவதைத்தான் சொல்கிறது.

சீனா 2021-ல் கடுமையான உத்தரவு போட்டது. 18 வயது நிரம்பாதவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும், இரவு 8 முதல் 9 வரை, ஒரு மணி நேரம்தான் இணைய விளையாட்டு ஆடலாம்! ஆனால் அரசாங்கம் எத்தனை பூட்டுப் போட்டாலும் வீட்டுச் சாவி வீட்டில்தான் இருக்கிறது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

பிள்ளையின் கையிலிருந்து செல்போனைப் பிடுங்குவது சுலபம். பிடுங்கினால் ஒளிந்து ஆடும். அதைவிட நான்கு கேள்விகள் கேட்கலாம்.

ஒன்று: இந்த விளையாட்டுக்கு முடிவு உண்டா? ஒரு புதிர், ஒரு ஆட்டம் என்று தானாக முடிகிறதா? முடியாவிட்டால் முடிவை நீங்கள் வைக்க வேண்டும். "மூன்று ஆட்டம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நடுவில் பிடுங்குவதைவிட அது நியாயம்.

இரண்டு: பணம் கேட்கிறதா? ஒரு ரூபாய் என்றாலும் வேண்டாம். "முதலில் நாங்கள் பணம் தருகிறோம்" என்றாலும் வேண்டாம்.

மூன்று: பெயர், போன் நம்பர், போட்டோ கேட்கிறதா? எண்ணைக் கூட்டும் ஆட்டத்துக்கு உங்கள் பிள்ளையின் போட்டோ எதற்கு? 18 வயது ஆகாதவர்களின் விவரங்களைப் பெற்றோர் சம்மதத்தோடுதான் வாங்க வேண்டும் என்று 2023-ல் இயற்றிய மத்திய சட்டத்திலும் விதி இருக்கிறது.

நான்கு: நடுவில் வரும் விளம்பரம் எப்படிப்பட்டது? ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். விளையாட்டு நல்லதாக இருக்கும். விளம்பரம் சூதாட்டத்துக்கு அழைக்கும்.

இந்த நான்கிலும் தேறிவிட்டால், பிள்ளையோடு நீங்களும் ஒரு ஆட்டம் ஆடுங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை. எண்ணைக் கூட்டும் ஆட்டத்தில் கணக்கு வரும். வார்த்தை ஆட்டத்தில் மொழி வரும். புதிதாக எழுத்துப் படித்த பெரியவர்களுக்கும் அது பயிற்சிதான். உழைத்துக் களைத்தவருக்கு ஐந்து நிமிஷம் மனம் விட்டுச் சிரிக்க உரிமை உண்டு.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். வார்டில் தம் துணைவிக்குக் கொடுத்த பரிசில், விளையாட்டோடு அளவும் சேர்ந்தே இருந்தது. நாளைக்கு ஒன்று. அதற்கு மேல் இல்லை.

எல்லா விளையாட்டும் அப்படி அளவோடு வராது. அளவை நாம்தான் போட வேண்டும்!